பூட்டிய வீட்டுக்கு வைத்த பாக்கு

தோசைக்கல்லில் ஊற்றிய மாவு ஒரே பக்கமாக ஓடினால் வீடு சாய்ந்து நிற்கிறது என்று பொருள். மெக்சிகோவின் மேற்குக் கரையில், கடலைப் பார்த்து நிறுத்தியிருக்கும் எங்கள் மோட்டார்ஹோமில் இது அடிக்கடி நடக்கும். சக்கரத்தடியில் மணல் இறங்கியிருக்கும். என் மனைவி மல்லிகா கரண்டியோடு எட்டிப் பார்த்து, "ஒங்க வீடு அங்கிட்டு சாயுதுங்க" என்பாள். தோசை வட்டமாக வந்தால் மட்டும் அது அவள் வீடு. நான் இறங்கிப் போய்ச் சக்கரத்துக்குப் பலகை கொடுத்துவிட்டு வருவேன். அறுபத்திரண்டு வயதில் வீட்டுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத் தோசை தின்கிற திருமயத்துக்காரன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஊரில் என்னைப் பற்றிப் பேச்சு வேறு. "அவருக்கென்னப்பா, பஸ்ஸையே வீடாக்கிக் கடற்கரையில ஓட்டிக்கிட்டுத் திரியிறாரு." உள்ளது என்னவென்றால், என் நுரையீரல் கெட்டுவிட்டது. இத்தனை வருஷம் நாங்கள் இருந்த கனடாவின் குளிர்காலத்தில் மூச்சு விட முடியவில்லை. நெடுநேரம் விமானத்தில் பறக்கவும் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். தரை வழியாகப் போய்ச் சேரக்கூடிய வெயில் மெக்சிகோவில்தான் இருந்தது. மல்லிகாவும் நானும் மாறி மாறி ஓட்டி வந்தோம். பக்கத்து வண்டிகளில் இருக்கும் கனடாக்காரர்கள், ஏப்ரலில் வீட்டுக்குப் போகிறோம் என்பார்கள். நானும் தலையாட்டுவேன். எந்த வீடு என்று யாரும் கேட்டதில்லை, நல்லவேளை.

விராலிமலையில் இருக்கும் என் ஒரே தங்கை வள்ளிக்கு இதில் எதையும் நான் சொல்லவில்லை. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகளை வளர்த்தவள் அவள். அந்த மகள் அபிராமிக்குத் தை மாதம் கல்யாணம். சொன்னால் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டுவிட்டு அழுதுகொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

நாள் குறித்ததும் போன் செய்தாள். "அண்ணே, டிக்கெட் போட்டாச்சா?" என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன். "பாக்கு வச்சியா நீ? வாட்ஸ்அப்ல பத்திரிகை அனுப்பிட்டா தாய்மாமன் வந்துருவானா?" வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு தேடி வந்து கூப்பிட்டால்தான் எங்கள் பக்கம் தாய்மாமனுக்கு மரியாதை. வள்ளியின் கல்யாணத்தில் எங்கள் மாமாவும் இதற்காகத்தான் முறுக்கிக்கொண்டு மண்டபத்துக்கு வெளியே நின்றார். "இந்தக் காலத்துல போய் என்ன முறை வேண்டிக் கெடக்கு" என்று அன்றைக்கு அவர் மேல் எரிந்து விழுந்தவன் நான்தான். இப்போது அதே முறுக்கை வைத்து என் நோயை மூடினேன். இத்தனை வருஷம் வெளிநாட்டில் கிடந்தவனுக்கு என்ன முறை என்று அவளும் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "சரிண்ணே" என்று வைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் ஒரு போட்டோ வந்தது. திருமயத்தில் பல வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் என் வீட்டு வாசலைக் கழுவிக் கோலம் போட்டிருந்தாள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழம், பத்திரிகை. பட்டுப் புடவை கட்டிக்கொண்டு, பூட்டைப் பார்த்துத் தட்டை நீட்டியபடி நின்றாள். கூடவே அவள் குரல்: "பாக்கு வச்சுட்டேண்ணே. வேற என்ன கொறை இருந்தாலும் சொல்லுங்க, சரி பண்ணிர்றேன்."

ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். மல்லிகா போனைப் பிடுங்கிப் பார்த்தாள். "பொய் சொல்றதுக்கு ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலையா? இப்பவே உண்மையச் சொல்லுங்க."

சொன்னேன். வள்ளி முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "இப்ப மூச்சு விட முடியுதுல்லண்ணே?" என்று மட்டும் கேட்டாள். கல்யாணத்தைத் தள்ளாதே என்று கெஞ்சினேன். தாய்மாமன் மாலையை எனக்குப் பதிலாக உறவில் யாரையாவது அபிராமிக்குப் போடச் சொல் என்றேன். "அத நான் பாத்துக்கிறேன்" என்றாள்.

ஊரில் விடிகாலை முகூர்த்தம் என்றால் இங்கே முந்தின நாள் சாயங்காலம். வண்டிகள் நிற்கும் இந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும் எர்னெஸ்தோவிடம், அரைகுறை ஸ்பானிஷில், இன்றைக்குக் கல்யாணம் என்று சொல்லிவைத்திருந்தேன். பாவம், கல்யாணம் இங்கேயே நடக்கப்போகிறது என்று எடுத்துக்கொண்டார். இஸ்திரி போட்ட சட்டையோடு, மனைவியையும் அழைத்துக்கொண்டு, பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தூக்கி வந்துவிட்டார். அவரைப் பார்த்து அக்கம்பக்கத்து வண்டிக்காரர்களும் வந்தார்கள். பெண் எங்கே என்று கேட்டார். கடலோரம் போட்ட மேஜையில், மண்டபத்தை வீடியோவில் காட்டும்படி சாய்த்து வைத்திருந்த போனைக் காட்டினேன். அதற்கும் தலையாட்டிவிட்டு மரியாதையாக உட்கார்ந்தார். வேட்டி கட்டிக்கொண்டு நானும் உட்கார்ந்திருந்தேன். அந்த மண்டபத்துக்குள் இருக்க வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. ஓமப்புகை என் மூச்சுக்கு ஆகாது. ஆகாவிட்டால் போகிறது என்று இருந்தது.

போனில் மேளம் நின்றது. அபிராமி மணையில் உட்கார்ந்திருந்தாள். "பொண்ணுக்குத் தாய்மாமன் வந்தாச்சா?" என்று ஐயர் கேட்டார். மாலையை ஏந்திக்கொண்டு நின்ற வள்ளி போன் பக்கம் திரும்பினாள்.

"வந்தாச்சு சாமி" என்றாள்.

நான் எழுந்துவிட்டேன். அதுதான் முறை போலிருக்கிறது என்று எர்னெஸ்தோவும் மற்றவர்களும் எழுந்து நின்றார்கள். மாலையை வாங்க இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, போனையும் தாண்டி நடந்தேன். காலில் அலை பட்டது.