மூன்று ராஜாக்களும் ஒரு காந்தமும்

நேற்று சாயங்காலம் நாகர்கோவிலில் ஒரு சர்ச் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். உள்ளே பையன்கள் கிறிஸ்மஸ் குடில் கட்டிக்கொண்டிருந்தார்கள். மயில்துத்தம் கலந்த மைதாப் பசையின் வாசனை. மூக்குக்கு மட்டும் வயதாவதே இல்லை, கவனித்திருக்கிறீர்களா? கண்ணும் போய் முட்டியும் போன பிறகு, மூக்குதான் என்னை மணவாளக்குறிச்சிப் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்குத் திரும்பக் கூட்டிக்கொண்டு போனது.

அங்கேதான் எனக்கு முதல் வேலை. அறிவியல் ஆசிரியர். பூதப்பாண்டியிலிருந்து வந்தவன், வாடகை அறையில் தனியாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கடைக்காரரிடம் “ஒரு தீப்பெட்டி” என்று கேட்பதுதான் அன்றைய என் மொத்தப் பேச்சு. இத்தனைக்கும் நான் பீடி குடிப்பவனல்ல.

கைத்தொழில் வகுப்புக்கு ஸ்டெல்லா டீச்சர் இருந்தார். அருமனைக்காரர், பேச்சில் பாதி மலையாளம். ஏழாம் வகுப்புக்கு நான் காந்தம் நடத்த வேண்டும். அவர் குடில் செய்விக்க வேண்டும். லீவுக்கு முன்னால் இரண்டையும் சேர்த்தே எடுக்கலாம் என்றது அவர்தான். பிள்ளைகள் காகிதக்கூழில், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களைச் செய்து பாதத்தில் டிராயிங் பின் குத்தினார்கள். கடற்கரையிலிருந்து கருமணல் வந்தது; அதை ஓர் அட்டையில் பரப்பினோம். அட்டைக்கு அடியில் பழைய ஸ்பீக்கர் காந்தத்தை நகர்த்தினால் மேலே ராஜா நடப்பார்.

அடியில் உட்கார ஓர் ஆள் வேண்டுமே. பிள்ளைகளுக்கெல்லாம் மேலே பார்க்கத்தான் ஆசை. ஆகவே மேசைக்குக் கீழே, துணித் திரைக்குள் நான்.

முதல் ராஜா கிளம்பியதுமே கூச்சல். கருமணல் முள்முள்ளாக எழுந்து ராஜாவோடு நடக்கிறதாம். அந்த மணலில் இரும்பு இருக்கிறதென்று நான் தொண்டை வறளச் சொல்லியும் நம்பாதவர்கள், அப்போது நம்பினார்கள். பார்க்காத ஒரே ஆள் நான்தான். சற்று நேரத்தில் திரை விலகியது. ஸ்டெல்லா டீச்சர் குனிந்து சொன்னார்:

“மூணாமத்த ராஜா நின்னுட்டாரே, ஸாரே.”

“மணல்ல மாட்டிட்டாரு. ஒரு விரலால தள்ளி விடுங்க டீச்சர்.”

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்படி அவர் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிள்ளைகள் போன பிறகு இருவரும் மணலை அள்ளிக்கொண்டிருந்தோம். எனக்கும் அவரிடம் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. எந்த வார்த்தையில் தொடங்குவது என்று மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“தை மாசம் எனக்குக் கல்யாணம் ஸாரே. அவிய மஸ்கட்ல இருக்காவ. நானும் அங்கோட்டுப் போயிருவேன்.”

“நல்லது டீச்சர்” என்றேன். வாயில் வந்தது அதுதான். கல்யாணத்துக்கும் போனேன். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். போட்டோவுக்குக் கூப்பிட்டபோது பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

அவருடைய வேலைக்கு அப்புறம் யாரும் வரவில்லை. கைத்தொழில் வகுப்பைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டார்கள். மத்தியானம் அவர் கொண்டுவரும் மரச்சீனிக் கிழங்கை இருவரும் பங்கிட்டுச் சாப்பிட்ட மேசையில், பிறகு நான் மட்டும் உட்கார்ந்தேன். எனக்கும் மாற்றலாயிற்று. பிள்ளைகள் குறைந்து குறைந்து கடைசியில் பள்ளியையே மூடிவிட்டார்கள்.

போன மாதம் பஸ்ஸில் அந்த வழியாகப் போனேன். காம்பவுண்டுக்குள் யாரோ வலை உலர்த்தியிருந்தார்கள். இங்கே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது என்று பக்கத்து இருக்கைக்காரரிடம் சொன்னேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “எனக்கு ஊரு இந்தப் பக்கம் இல்ல ஸார்” என்றார்.

எனக்கும் இல்லைதான்.