இரண்டு கயிற்றுக்கு நடுவில்

போன வாரம் டி.வி.யில் இரண்டு சின்ன நாடுகள் எல்லைக்காக அடித்துக்கொள்வதைக் காட்டினார்கள். பெயர் வாயில் நுழையவில்லை. பக்கத்துப் பக்கத்து நாடு. ஒரே சோறு, ஒரே சாமி. கோடு எங்கே போகிறது என்பதில்தான் சண்டை, ரொம்ப வருஷமாக.

"இதுக்குப் போயா அடிச்சிக்கினு சாவுறானுங்கோ," என்றார் என் வீட்டுக்காரர். அவர் வியாசர்பாடியில் வளர்ந்தவர். கடல் தெரியாது.

நான் பிறந்தது திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் ஒரு மீனவக் குப்பம். கரையோடு வடக்கே பத்து நிமிஷம் நடந்தால் இன்னொரு குப்பம். அம்மா அங்கே பிறந்தவள். இரண்டு குப்பத்துக்கும் கடலில் எல்லை உண்டு. கடலில் கல் நட முடியாது. படகிலிருந்து கரையைப் பார்க்க வேண்டும். எல்லையம்மன் கோயில் கோபுரம், அதற்குப் பின்னால் தூரத்தில் கம்பெனியின் புகைக்கூண்டு. இரண்டும் ஒரே நேராக வந்தால் அதுதான் கோடு. வடக்கே அவர்கள் வலை, தெற்கே எங்கள் வலை.

எனக்கு ஆறு வயசில் கம்பெனி பழைய கூண்டை இடித்துவிட்டுத் தெற்கே தள்ளிப் புதுசாக ஒன்று கட்டியது. கடலில் கோடு தானாக வடக்கே நகர்ந்துவிட்டது. இறால் நிறையப் படுகிற இடம் எங்கள் பக்கம் வந்தது.

"கூண்டுன்னுதானே பேச்சு. எந்தக் கூண்டுன்னா பேசுனாங்கோ?" என்றார்கள் எங்கள் ஆட்கள். பழைய கூண்டு நின்ற இடம்தான் செல்லும் என்றார்கள் அவர்கள். கம்பெனிக்காரனுக்கு இது எதுவும் தெரியாது.

வலைகள் அறுந்தன. ஒருநாள் கடலிலேயே கத்தியும் துடுப்புமாக அடித்துக்கொண்டார்கள். மாமாவுக்குக் கையில் வெட்டு என்று சேதி வந்தது. மாமா அம்மாவின் தம்பி. எந்தக் கை, விரல் மிச்சம் இருக்கிறதா என்று யாரும் சரியாகச் சொல்லவில்லை. வலை இழுக்கிறவனுக்குக் கைதான் சோறு. மறுநாளே இரண்டு குப்பமும் கட்டுப்பாடு போட்டன. போகக்கூடாது, பேசக்கூடாது. மீறினால் தள்ளிவைப்பார்கள். போன் எல்லாம் அப்போது எங்களிடம் கிடையாது.

அம்மா அழவில்லை. தினமும் காலையில் கரையில் நின்று வடக்கே பார்ப்பாள். மாமா படகு தெரியும். மாமா தெரியாது.

ஒருநாள் என் காதுக் கம்மலைக் கழற்றினாள். மெருகு போட என்றாள். அது திரும்பி வரவில்லை. ஓட்டை தூர்ந்துவிடுமே என்று நானே ஒரு துடைப்பக் குச்சியை ஒடித்துச் செருகிக்கொண்டேன். அம்மா பிடுங்கிப் போட்டாள். முதுகில் ஒன்று வைத்தாள்.

நாலு மாசம் கழித்துப் பஞ்சாயத்துக்குப் போனாள். நானும் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனேன்.

"பொண்ணுக்குக் காது தூந்துபோச்சு. மறுபடி குத்தணும்."

"குத்து. யாரு வேணான்னது?" என்றார் தலைவர்.

"தாய்மாமன் மடி வேணும். இல்ல, நீங்க குந்துறீங்களாண்ணா?"

கூட்டம் சிரித்துவிட்டது. தலைவர் சிரிக்கவில்லை. ஆனால் தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்து என்று அவராலும் சொல்ல முடியவில்லை. எல்லையில் வைத்துக் குத்தலாம், அக்காளும் தம்பியும் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று முடிவானது. அந்தப் பக்கமிருந்தும் சம்மதம் வந்தது.

குறித்த நாளில் கரையில் எல்லை எது என்று மறுபடி சண்டை. ஒரு மணி நேரம் கத்தினார்கள். கடைசியில் பழைய கூண்டுக்கு ஒரு வலைக்கயிறு, புதுக் கூண்டுக்கு ஒன்று என மணலில் இரண்டு கயிறு போட்டார்கள். நடுவில் இருபது அடி யாருக்கும் இல்லை. அங்கே பாய் விரித்து மாமா உட்கார்ந்தார். நான் அவர் மடியில். எதிரே திருவொற்றியூரிலிருந்து வந்த ஆசாரி.

மாமா இடது கையால் என் தலையைப் பிடித்துக்கொண்டார். வலது கை துண்டுக்குள் இருந்தது. எனக்கு மிட்டாய் வைத்திருக்கிறார் என்று நினைத்தேன்.

ஆசாரி என் காதைத் தடவினார். "ஓட்டை தொறந்துதாம்மா கீது. கம்பி போட்டா உள்ள போயிடும்."

அம்மா கயிற்றுக்கு அந்தாண்டை நின்றாள். "தூந்துபோச்சு. குத்துங்க."

ஆசாரி அவளைப் பார்த்தார். மாமாவைப் பார்த்தார். அப்புறம் ஊசியை எடுத்தார்.

"இருங்க," என்றாள் அம்மா. பிறகு என்னிடம், "பாப்பா, மாமா சோத்துக்கையால துன்னூறு வெச்சிக்க. அப்பத்தான் வலிக்காது."

மாமா கயிற்றுக்கு அந்தாண்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு துண்டிலிருந்து கையை எடுத்தார். மிட்டாய் இல்லை. உள்ளங்கை குறுக்கே கயிறு மாதிரி ஒரு தழும்பு. அஞ்சு விரலும் இருந்தன. சுண்டுவிரல் மட்டும் மடங்கவில்லை. அந்தக் கையால் திருநீறு எடுத்து என் நெற்றியில் மெதுவாகப் பூசினார்.

"வலை இழுக்க முடியுதான்னு கேளு பாப்பா," என்றாள் அம்மா.

"இழுக்கறேன்னு சொல்லு பாப்பா," என்றார் மாமா.

ரெண்டு பக்கத்துப் பெரியவர்களும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அக்காளும் தம்பியும் பேசவில்லை என்றுதான் கணக்கு, நான்தான் நடுவில் இருந்தேனே.

ஆசாரி பழைய ஓட்டைக்குச் சற்று மேலே குத்தினார். நான் அலறினேன். அம்மா என் காதைப் பார்க்கவே இல்லை.

இப்போதும் எனக்கு இரண்டு காதிலும் இரண்டிரண்டு ஓட்டை. ஸ்டைலுக்கா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்பேன். அன்றைக்கு வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனேன். வலிக்காக இல்லை. ஆசாரிக்குத் தெரிந்த ஓட்டை, எனக்குத் தெரிந்த ஓட்டை, பெற்றவளுக்கு எப்படித் தெரியாமல் போச்சு என்று.