மூச்சு விடும் மேசை

கட்டை விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, பலகையின் அறுத்த முனையில் அழுத்தினார். பிறகு முகத்தை அதன் அருகே கொண்டுபோய் இமைக்காமல் பார்த்தார். ஈரம் எவ்வளவு சீக்கிரம் உள்ளே போகிறது என்ற சோதனை. "குடிக்குது பாருங்க. தாகத்தோட வந்திருக்கு." அடுத்து அதே பலகையின் அகன்ற மேல்பரப்பில் ஓர் ஈரப் பொட்டு வைத்தார். அது அப்படியே நின்றது. "இங்க குடிக்காது. உடம்பு பூரா ஒரே மரம்தான், வாய் மட்டும் ரெண்டு முனையில."

எங்கள் தெருவில் இவர் பெயர் எக்ஸ்பிரஸ் அக்கா. தச்சர். பேச ஆரம்பித்தால் சின்ன ஸ்டேஷன்களில் நிற்பதில்லை என்பதால் வந்த பட்டம். பட்டறை சைக்கிள் கடைக்குப் பின்னால், என் அறைக்கு நேர் கீழே இருக்கிறது. காலையில் எனக்கு அலாரம் வேண்டாம், இழைப்புளிச் சத்தமே போதும். கொண்டையில் பென்சிலைச் செருகிக்கொண்டு பட்டறை முழுக்கப் பென்சில் தேடுவார். கிடைக்காவிட்டால் இன்னொன்று வாங்கி, அதையும் கொண்டையில் செருகுவார். புருவத்தில் எப்போதும் மரத்தூள் இருக்கும். எந்த வீட்டுக்குப் போனாலும் கதவை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னபோதுகூட, மருந்து அலமாரியின் கீல் தொங்குவதைச் சொல்லத்தான் முதலில் வாயைத் திறந்தாராம்.

கூடவே வேலை செய்பவர் அவருடைய தம்பி. தெரு அவருக்கும் ஒரு பெயர் வைத்திருக்கிறது: கூட்ஸ் வண்டி. உளியைக் கீழே வைத்த பிறகுதான் பேசுவார். அதற்குள் அக்கா மூன்று விஷயம் தாண்டிப் போயிருப்பார். கலகலப்பும் நிதானமுமாக ஓடிக்கொண்டிருந்த பட்டறை அது. போன வருஷம் பள்ளிக்கூட முற்றத்துக்குச் செய்துகொடுத்த மேசை நடுவில் பிளந்ததிலிருந்து நிலைமை மாறியது. சேதி பரவி, வெளிப்புற வேலை எதுவும் இவர்களைத் தேடி வரவில்லை. தம்பிக்கு ஒரு நாற்காலி ஃபேக்டரியிலிருந்து அழைப்பு வந்திருந்தது. போவதா வேண்டாமா என்று அவர் சொல்லவில்லை. அக்காவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்துத் தெருவில் சாப்பாட்டுக் கடை திறக்கப்போகிற அம்மா வந்தார். கடைக்குப் பின்னால் திறந்த முற்றம், அதன் நடுவே ஒரு நீளமான மேசை வேண்டும். "கூரை கிடையாது. வெயிலும் மழையும் அது தலையிலதான். பள்ளிக்கூடத்து மேசை கதையும் கேள்விப்பட்டேன். இருந்தாலும் உன் முகத்தைப் பார்த்தா நீ செஞ்சுருவேன்னு தோணுது."

அவர் வாசலைத் தாண்டுவதற்குள் சண்டை தொடங்கிவிட்டது. பலகைகளை எதைக்கொண்டு சேர்ப்பது என்பதுதான் விஷயம். தண்ணீருக்கு அசையாத பசை போட்டு எல்லாப் பலகைகளையும் ஒரே தட்டாக ஒட்டி, அதை இரும்புச் சட்டத்தில் திருகாணியால் முறுக்கிவிட வேண்டும் என்றார் தம்பி. அக்காவுக்குப் பசை என்றாலே ஆகாது. ஒரு பலகையின் விளிம்பில் நாக்கு, அடுத்ததன் விளிம்பில் பள்ளம், ஒன்றுக்குள் ஒன்று செருகி, சுற்றிலும் மரச் சட்டம் போட்டு இறுக்க வேண்டும் என்றார்.

"ஒட்டி வச்சா மரம் மூச்சு விடாதுடா."

தம்பி உளியைக் கீழே வைத்தார். "உன் பள்ளத்துல தண்ணி தேங்கும்கா."

முடிவு எடுக்கும் வேலையை வானத்திடம் விட்டார்கள். ஆளுக்கொரு மாதிரித் தட்டு, கதவளவில் செய்து, சைக்கிள் கடைக்கு முன்னால் வெட்டவெளியில் வைத்தார்கள். தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்தது. தையல்காரர் பசைக் கட்சி, இஸ்திரி போடுகிறவர் நாக்குக் கட்சி. தூறல்கூட இல்லாத நாளில் சைக்கிள் கடைக்காரர் இரண்டின் மீதும் வாளித் தண்ணீரை ஊற்றுவார். நீங்கள் எந்தக் கட்சி என்று கேட்டால், "தண்ணிக் கட்சி" என்பார். வேலைக்குப் போகிறவர்கள்கூட ஒரு நிமிஷம் நின்று, குனிந்து, தடவிப் பார்த்துவிட்டுப் போனார்கள். நானும் மாடியிலிருந்து எட்டிப் பார்ப்பதை ஒரு வேலையாகவே வைத்துக்கொண்டேன்.

முதலில் வந்தது வெயில். வாளித் தண்ணீர் ஊற்றிய வேகத்திலேயே ஆவியானது. பல நாள் தொடர்ந்து காய்ந்த பிறகு ஒரு மத்தியானத்தில் டப்பென்று சத்தம் கேட்டது. சைக்கிள் டயர் வெடித்தது என்றுதான் நினைத்தேன். தம்பியின் தட்டு நீளவாக்கில் கிழிந்திருந்தது. அக்கா ஓடிவந்து விரலால் பிளவைத் தடவினார். "பசை விடலடா. ஒட்டுன இடம் கல்லு மாதிரி இருக்கு. அதுக்குப் பக்கத்துல மரமே கிழிஞ்சிருக்கு. சுருங்கப் பார்த்திருக்கு, இரும்பு விடல. பாவம், அது எங்கதான் போகும்?" தோற்ற தட்டின் மேல் இருந்த பரிவு அடுத்த நிமிஷமே ஜெயித்த தட்டின் மேல் தாவியது. தெருக்கோடி வரை போய், தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரிடமும் தன் நாக்கும் பள்ளமும் நிமிர்ந்து நிற்பதைச் சொல்லிவிட்டு வந்தார்.

பிறகு மழை பிடித்தது. விடாத மழை. அது ஓய்ந்த காலையில் அக்காவின் தட்டு, சோம்பல் முறிக்கிற பூனையின் முதுகு போல நடுவில் எழும்பி நின்றது. சட்டத்தின் ஒரு மூலை வாய் பிளந்திருந்தது.

அன்றைக்கு எக்ஸ்பிரஸ் நின்றுவிட்டது. சைக்கிள் கடைப் படியில் உட்கார்ந்து, தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இஸ்திரிக்காரர் டீ வாங்கி வந்து கொடுத்தார். அதுவும் ஆறியது. எனக்குப் பயமாகவே இருந்தது.

தம்பி பக்கத்தில் வந்து நின்றார். "ஃபேக்டரியில பதில் கேக்கறாங்கக்கா."

"சொல்லிரு."

"என்ன சொல்ல?"

"உனக்கு எது நல்லதோ அதச் சொல்லு." தலையை நிமிர்த்தவில்லை.

தம்பிக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ரம்பத்தை எடுத்து வந்தார். வீங்கிய தட்டின் நடுப் பலகையை மூச்சிரைக்க அறுத்து, அடியிலிருந்து தட்டி, பெயர்த்து எடுத்துவிட்டார். பள்ளத்துக்குள் தண்ணீர் தேங்கிக் கறுத்திருந்ததை அக்காவிடம் காட்டத்தான் திரும்பினார். அவருக்குப் பின்னால் தட்டு ஒரு முனகலோடு இறங்கியது. எழும்பியிருந்த பலகைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து, சமமாகப் படுத்தன. கூட்டமான பஸ்ஸில் ஒருவர் இறங்கியதும் மற்றவர்கள் தோளைத் தளர்த்திக்கொள்வார்களே, அதே மாதிரி.

அக்கா எழுந்தார். "அந்தப் பலகைய திரும்ப வைக்காத."

"வைக்கலக்கா."

"வைக்காதடா. இடம்தான் கேட்டிருக்கு. நாம பசைய குடுத்தோம், நாக்க குடுத்தோம், இரும்ப குடுத்தோம். அது இடத்த கேட்டிருக்கு. ஒவ்வொண்ணுக்கும் நடுவுல கொஞ்சம் சந்து விட்டா தண்ணியும் இறங்கிரும், மரமும் விரிஞ்சுக்கும், ஏன்டா இவ்வளவு நாளா ரெண்டு பேரும் சேக்கறதப் பத்தியே பேசிட்டு இருந்தோம்?" எக்ஸ்பிரஸ் கிளம்பிவிட்டது. வழியில் ஆறிய டீயையும் ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

சந்து எவ்வளவு என்பதில் மறுபடி சண்டை. கரண்டி விழக்கூடாது, தண்ணீர் நிற்கக்கூடாது. கொண்டையிலிருந்து ஒரு பென்சிலை உருவி இரண்டு பலகைக்கு நடுவே வைத்தார் அக்கா. அதுவே அளவு என்று முடிந்தது. பலகைகளை அடியிலுள்ள குறுக்குச் சட்டங்களில் துருப்பிடிக்காத திருகாணியால் பிடித்தார்கள். ஆணிக்குப் போட்ட துளை வட்டமில்லை, நீளம். மரம் விரிந்தால் ஆணி அதற்குள் நகர்ந்துகொள்ளும். பலகை முனைகளில், அந்தத் தாகம் பிடித்த வாய்களில், மெழுகு பூசி அடைத்தார்கள்.

அசையவே கூடாத இடம் கால்களும் சட்டமும் சேரும் மூலைகள். அங்கே பசையும் இல்லை, திருகாணியும் இல்லை. சட்டத்தின் முனையை ஒல்லியாக்கி, கழுந்தாகச் செதுக்கி, காலில் வெட்டிய துளைக்குள் இறக்கி, குறுக்கே மர முளை அடிப்பது என்று முடிவானது. இந்த யோசனை தம்பியுடையது. காலில் ஒரு துளை, கழுந்தில் ஒரு துளை, இரண்டும் மயிரிழை தள்ளி இருக்கும். "நேரா இருந்தா முளை சும்மா போயிரும். கொஞ்சம் தள்ளி இருந்தாத்தான் வளைஞ்சு உள்ள போகும். போறப்ப ரெண்டையும் இழுத்துக் கட்டிரும்." அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அக்கா வாயே திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்ததையும் நான் பார்த்ததில்லை.

தம்பி முளை அடித்துக்கொண்டிருந்தபோது ஜன்னலில் இருந்த அவருடைய ஃபோன் அடித்தது. ஃபேக்டரி. அக்கா இழைப்பதை நிறுத்தினார். தம்பி சுத்தியலை நிறுத்தவில்லை. பட்டறை வாசலில் நின்றிருந்த என்னைப் பார்த்து, "எடுத்துப் பேசுங்க சார். நான் வேலையில இருக்கேன்னு சொல்லிருங்க," என்றார். சொன்னேன். அக்கா மறுபடி இழைக்கத் தொடங்கினார். வழக்கத்தைவிட வேகமாக இழைத்ததில், சுருள்கள் என் செருப்பு வரை பறந்து வந்தன.

கடை திறந்த அன்று தெருவே முற்றத்தில் உட்கார்ந்து சாப்பிட்டது. இரண்டாவது பந்தி உட்கார்ந்ததும் மழை கொட்டியது. எல்லோரும் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினோம். அக்கா மட்டும் கை கழுவக்கூட நிற்காமல் எதிர்த் திசையில் ஓடினார். குனிந்து மேசைக்கு அடியில் புகுந்து, நனைந்த தரையில் மல்லாந்து படுத்துவிட்டார். பலகைச் சந்துகள் வழியாக மழை வரிசை வரிசையாக, நூல் பிடித்த மாதிரி அவர் மேல் இறங்கியது. மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை.

"என்னம்மா ஆச்சு உனக்கு?" என்றார் கடைக்கார அம்மா, வாசலில் நின்று.

தம்பி கையிலிருந்த தட்டை என்னிடம் கொடுத்துவிட்டு, மழையில் இறங்கி நடந்தார். அவசரமில்லாத நடைதான். அவர் மேசையருகே வந்து குனிந்ததும், அக்கா கொஞ்சம் நகர்ந்து படுத்து, பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு, மழை கொட்டிக்கொண்டிருந்த தரையை உள்ளங்கையால் துடைத்துவிட்டார்.