பெட்டியில்லாத கம்ப்யூட்டரும் அருணகிரி சாரும்

தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவர்கள் ஆரணியில் நிறையப் பேர் உண்டு. ஆனால் அருணகிரி சார் அளவுக்கு ஒழுங்காக, மார்ஜின் விட்டு அதைச் செய்தவர் வேறு யாரும் இல்லை.

பஜாரில் ஜரிகைக் கடை மாடியில் அவருடைய டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. லோயர் பரீட்சை பாஸ் பண்ணினால் சர்க்கார் வேலை கிடைத்துவிடும் என்று ஊரே நம்பிய காலத்தில் அங்கே ஒரு மிஷின் பிடிக்கச் சிபாரிசு வேண்டும். முதலில் நடுவரிசை எழுத்துகள், பிறகு மேல்வரிசை, கடைசியாகத்தான் கீழ்வரிசை. கலெக்டர் வீட்டுப் பெண்ணே வந்தாலும் அந்த முறையை மாற்றமாட்டார். "கீயைப் பார்க்காத, பேப்பரைப் பாரு" என்பார். மீறிப் பார்த்தால் அடிஸ்கேல் நம் விரலைப் பார்க்கும். நான் சேர்ந்தது இரண்டாயிரத்து ஒன்றில். "லோயர் பாஸ் பண்ணாம வீட்டுக்குள்ள காலை வைக்காத" என்று என் அம்மா சொல்லித்தான் அனுப்பினாள்.

அதே வருஷம் எதிர்மாடியில் அன்பரசு கம்ப்யூட்டர் சென்டர் திறந்தார். தேவிகாபுரத்துக்காரர், மெட்ராஸில் படித்துவிட்டு வந்தவர். கண்ணாடிக் கதவு, ஏசி எல்லாம் உண்டு. மூன்றே மாதத்தில் சாருடைய பிள்ளைகளில் பாதிப் பேர் ரோட்டைக் கடந்துவிட்டார்கள். சார் ஜன்னல் ஓரம் நின்று, அந்த மாடிப்படியில் யார் யார் ஏறுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். அவருக்கு வேறு தொழில் தெரியாது. இன்ஸ்டிட்யூட் போனால் அவரும் போனார்.

அந்தச் சமயத்தில்தான் லைப்ரரியில் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை அவர் கண்ணில் பட்டது. வெளிநாட்டில் ஒரு கம்பெனி புதிதாக ஒரு கம்ப்யூட்டர் தயாரித்துக்கொண்டிருக்கலாம். அதற்குத் தனிப் பெட்டியே இல்லாமல் எல்லாம் திரைக்குள்ளேயே அடங்கியிருக்கலாம். அடுத்த வருஷம் வரலாம். பாவம், எழுதியவன் மூன்று 'லாம்' போட்டுத்தான் எழுதியிருந்தான். சார் லைப்ரரி வாசல்படி இறங்குவதற்குள் மூன்றும் எங்கேயோ விழுந்துவிட்டன.

"வரப்போகுது. பெட்டியே கிடையாது. இப்ப அங்க போயி கத்துக்கிறதெல்லாம் அப்ப வேஸ்ட்டு" என்று டீக்கடையில் சொன்னார், சலூனில் சொன்னார், கல்யாணப் பந்தியில் பாயசத்துக்குக் காத்திருக்கும்போதும் சொன்னார்.

ஊர் சும்மா இருக்குமா? ஆளுக்கு ஒரு முழம் சேர்த்தார்கள். புடவையைப் பிரிக்கவே வேண்டாம், பொம்பளை எதிரில் உட்கார்ந்தால் கட்டின மாதிரியே அது காட்டும் என்றார் ஒரு பட்டுக்கடைக்காரர். பார்டருக்கு என்ன டிசைன் போடலாம் என்று அதுவே சொல்லும் என்றார்கள் முள்ளிப்பட்டு நெசவாளிகள். யாருக்கு எது பேஜாரோ, அதை அந்த மிஷின் செய்யும். ஆரணி மொத்தமும், இன்னும் பிறக்காத அந்தக் கம்ப்யூட்டருக்கு வேலை கொடுத்துவிட்டது.

எதிர்மாடியில் புதுச் சேர்க்கை நின்றது. சாருக்கு முகமெல்லாம் பல். அந்த வாரம் அடிஸ்கேலைத் தொடவே இல்லை.

பிறகு ஒரு நாள் எல்லப்பன் வந்தார். இரண்டு மகள்களையும் சாரிடம் சேர்த்திருந்தவர்.

"சார், பசங்க நாளையிலேருந்து வராதுங்க. புதுசா வர்ற மிஷினு நம்ம பேசப் பேச அதுவே அடிச்சிடுமாமே? அப்பறம் எதுக்குங்க இந்த டக்கு டக்கு?"

"அதெல்லாம் கட்டுக்கதைங்க. யார் சொன்னது?"

"ஊரே பேசிகினு இருக்குது. அது வரும்னு மொதல்ல சொன்னதே நீங்கதானே. வர்றது நெசம், பேசறது மட்டும் பொய்யா?"

சார் மாட்டிக்கொண்டார். ஒன்றை இல்லை என்றால் மற்றதையும் இல்லை என்று சொல்லவேண்டும். சொன்னால், எதிர்மாடிக்குக் கூட்டத்தை அவரே அனுப்பி வைத்த மாதிரி. எல்லப்பன் மகள்களைக் கூட்டிக்கொண்டு போனார். பின்னாலேயே மற்றவர்களும் ஒவ்வொருவராக வராமல் நின்றுவிட்டார்கள். கடைசியில் மிச்சம் இருந்தது நான் மட்டும்தான், அதுவும் அம்மாவுக்குப் பயந்து. மேல்வரிசையை முடித்திருந்தேன், கீழ்வரிசைதான் பாக்கி.

ஒரு மத்தியானம் நான் அடித்துக்கொண்டிருந்தபோது அன்பரசு படியேறி வந்தார். இருவரும் அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. வந்தவர் முகம் வாடிப்போயிருந்தது.

"சார், எல்லாரும் உங்களைத்தான் சொல்றாங்க. அது எப்ப வரும்னு எனக்குச் சொல்லுங்க. நிச்சயமா வருதுன்னா சென்டரை எடுத்துட்டு மெட்ராஸே போயிடறேன். இல்லன்னா எப்படியாவது தாக்குப் பிடிச்சிப் பாக்கறேன்."

'தெரியாதுப்பா, பத்திரிகையிலே போட்டிருந்தான்' என்று சார் சொல்லியிருந்தால் இரண்டு மாடியும் பிழைத்திருக்கும். நான் விரலை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தேன். சொல்லுங்க சார் என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

"தீபாவளிக்கு வந்துடும்" என்றார் சார்.

அன்பரசு என் பக்கம் திரும்பினார். "அப்ப இந்தப் பொண்ணு எதுக்கு சார் டைப்பு அடிச்சிகினு இருக்குது?"

சார் என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன்னால் அவரிடம் பார்த்ததில்லை.

"இதுகிட்டயும் நிக்கச் சொல்லிட்டேனே. சுகன்யா, நாளையிலேருந்து வரவேணாம்மா."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கவரைப் போட்டு மிஷினை மூடிவிட்டு இறங்கினேன். வராதே என்றவர் வாசலை மறுபடி மிதிக்க எனக்கென்ன தலையெழுத்தா? சாரே சொல்லிவிட்டார் என்றதும் அம்மாவும் விட்டுவிட்டாள். அன்பரசு மெட்ராஸ் போனார். தீபாவளி வந்தது, கம்ப்யூட்டர் வரவில்லை. பொங்கலுக்குள் சாரும் இன்ஸ்டிட்யூட்டை மூடிவிட்டு ஒரு ரைஸ்மில்லில் கணக்கு எழுதப் போய்விட்டார்.

ஏழு வருஷம் கழித்து அது வந்தது. வேறு எங்கும் இல்லை, நான் கையால் பில் எழுதிக்கொண்டிருந்த பட்டுக்கடைக்கே வந்தது. வந்து நான்கு நாள்கூட ஆகவில்லை, மகள் கல்யாணத்துக்கு முகூர்த்தப் புடவை எடுக்க அருணகிரி சார் குடும்பத்தோடு வந்தார். பில் போட என்னிடம் வந்தவர் திரையைப் பார்த்தார். குனிந்து மேஜைக்கு அடியில் தேடினார்.

"பெட்டி எங்கம்மா?"

"பெட்டி கிடையாது சார். எல்லாம் இதுக்குள்ளயே இருக்குது."

"நான் அன்னிக்கே சொன்னேன்ல!" கடையே திரும்பிப் பார்த்தது. "ஆரணியிலே மொதல்ல சொன்னவன் நான்தான்!" சம்பந்தி வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பேசினா அடிக்குமா?" என்றார்.

"அடிக்காது சார். நம்மதான் அடிக்கணும்." கீபோர்டை முன்னால் இழுத்து வைத்தேன்.

அவர் அதைப் பார்த்தார். அதே மூன்று வரிசை. எழுத்துகளும் அவர் மாடியில் இருந்த அதே இடத்தில் இருந்தன. கை தானாக நீண்டு, நடுவரிசைக்கு மேல் காற்றிலேயே நின்றது.

பில்லில் பெயர் போடவேண்டும். நான் ஆள்காட்டி விரலை நீட்டி ஒவ்வொரு எழுத்தாகக் குத்தினேன்.

"ஏம்மா, ஒத்த விரல்லயா? கீயைப் பார்த்துகினா?"

"நீங்கதானே சார் வரவேணாம்னீங்க."

இங்கிலீஷில் அருணகிரி என்பதில் ஏ, ஆர், யு மூன்றும் எப்படியோ வந்துவிட்டன. அடுத்த எழுத்தைத்தான் காணோம். அது கீழ்வரிசையில் இருக்கிறது. சார் அதை மறுநாள் சொல்லித்தருவதாக இருந்தார்.