மூன்றாவது ஆணி

நனைந்த கேன்வாஸ் வெயிலில் காயும்போது ஒரு புளித்த வாடை அடிக்கும். சனிக்கிழமை மதியம் எங்கள் தோட்டம் முழுக்க அந்த வாடைதான். மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டம் அது. குளத்தோரத் தகரக் கொட்டகையில் ஒரு கைப்பம்பும் அதற்கான கேன்வாஸ் குழாய்களும் இருந்தன. அதுதான் எங்கள் "பொம்பா", தோட்டத்தின் தீயணைப்பு நிலையம். ஆறு பேர், எல்லாரும் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கிறவர்கள். குழாய் முனையைப் பிடிப்பவர் என் அப்பா.

பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைவீடு எரிந்துபோன பிறகுதான் தோட்டத்தை நடத்தும் துரைக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள் பெரியவர்கள். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகள், அந்த லயம் எரிந்திருந்தால் வந்திருக்குமா என்று அவர்கள் கேட்கவில்லை. நான் கேட்கிறேன். சனிக்கிழமைப் பயிற்சி எப்போதும் எங்கள் தோட்டத்துப் புகைவீட்டின் முன்னால்தான் நடக்கும். ஒரு தடவைகூட லயத்துப் பக்கம் குழாயை விரித்ததில்லை.

"என்னாண்ணே, புகைவீட்டுல கத்திரிக்கா நட்டிருக்கீங்களா, வாரா வாரம் தண்ணி ஊத்துறீங்க" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். அப்பா சிரிப்பார்.

பயிற்சி முடிந்ததும் குழாய்களைக் கொட்டகை விட்டத்தில் அடித்த பெரிய ஆணிகளில் தொங்கவிடுவார்கள். இரண்டு ஆணி, இரண்டு குழாய். அவற்றுக்கு நடுவே புகுந்து ஓடி விளையாடியவள் நான். எனக்கு எண்ணிக்கை தெரியும்.

பள்ளி விடுமுறையில் ஒரு நண்பகல், மூன்றாம் லயத்தில் ஆறுமுகம் மாமா வீட்டு அடுப்படி பற்றிக்கொண்டது. அப்பாவும் ஆட்களும் உடனே ஓடி வந்து, இரண்டு குழாயையும் ஒன்றோடொன்று பூட்டி இழுத்தார்கள். குளத்திலிருந்து புகைவீட்டுக்கு எட்டுகிற நீளம் அது, லயத்துக்கு எட்டவில்லை. தண்ணீர் இரண்டு வீடு தள்ளி மண்ணில் விழுந்தது. இழுத்தால் நீண்டுவிடும் என்பதுபோல் அப்பா இழுத்துக்கொண்டே இருந்தார். நான்கு வீடுகள் சாம்பலாயின. உயிர் போகவில்லை, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை பெரட்டில், காலையில் ஆள் எண்ணும் இடத்தில், தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி தீ பற்றிய அறிக்கையைப் படித்தார். மூன்று குழாய்கள் இருந்தனவாம். முனை பிடிப்பவர் அவசரத்தில் ஒன்றைப் பூட்ட மறந்துவிட்டாராம். நான் கொட்டகைக்கு ஓடிப் பார்த்தேன். மூன்று தொங்கின. மூன்றாவது வெள்ளை வெளேரென்று இருந்தது, வாடையே இல்லை. அதன் ஆணியில் துரு இல்லை.

"அப்பா, ரெண்டுதானே இருந்துச்சு" என்றேன்.

"வாய மூடு. வேல போனா லயத்து வீடும் போயிரும். எங்க போயி நிப்போம்?"

ஆறுமுகம் மாமா அதன் பிறகு அப்பாவிடம் பேசவில்லை. அப்பா எதிரே வந்தால் மட்டும் மற்றவர்களிடம் சத்தமாகச் சொல்வார்: "மறதிக்காரன் வர்றான், அடுப்ப அணைச்சுக்குங்க." அந்தப் பெயரோடுதான் அப்பா செத்தார். ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை நட்டு, புகைவீட்டை இடித்த வருடமே பொம்பாவையும் மூடினார்கள். அப்போதும் லயத்தில் ஆட்கள் குடியிருந்தார்கள். யாரைக் காப்பாற்ற வைத்த நிலையம் என்பதற்கு இதற்கு மேல் எனக்குச் சாட்சி வேண்டாம்.

போன மாதம், பட்டணத்துத் தீயணைப்பு நிலையத்தில் பழைய நிலையங்களின் வரலாறு என்று படங்கள் மாட்டியிருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். எங்கள் கொட்டகையும் இருந்தது. தீக்கு முன் எடுத்த படம். பின்னால் மூன்றாம் லயம் முழுசாக நிற்கிறது, விட்டத்தில் இரண்டே குழாய். கீழே "மூன்று குழாய்களுடன்" என்று எழுதியிருந்தார்கள். மாற்றச் சொன்னேன்.

"ஒண்ணு படத்துக்கு வெளிய இருந்திருக்கும் லா ஆன்டி. சின்ன விஷயம்" என்றார் அங்கிருந்த இளைஞர்.

"உங்கப்பாவச் சொல்லியிருந்தா பெருசா தெரியும், தம்பி."

கைப்பேசியில் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டு ராவாங்கில் மகன் வீட்டிலிருக்கும் ஆறுமுகம் மாமாவிடம் நேராகப் போனேன். அவர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். விட்டம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தெரிகிறது. ஆணிகளை எண்ணினார்.

"மூணாவது ஆணி எங்கம்மா?"

"நீங்கதான் சொல்லணும் மாமா."

லயம் இன்று இல்லை, குளத்தை மூடிவிட்டார்கள், கொட்டகை இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அப்பா உயிரோடு இருந்தபோது, மாமா ஒரு தடவை கொட்டகைக்குள் வந்து விட்டத்தை நிமிர்ந்து பார்த்திருந்தால் போதும்.