இடது பக்கம் வராத பந்து

1958இல் திருப்பூர் ரயிலடி தாண்டி இருந்த கிளப்பில் நூருல்லா மார்க்கராகச் சேர்ந்தார். சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடுவதுதான் மார்க்கர் வேலை. சாயங்காலமானால் பனியன் கம்பெனி முதலாளிகள் வந்து இறங்குவார்கள். அவர்கள் மட்டை எங்கே நிற்கிறதோ அங்கே பந்தைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஜெயிக்கக் கூடாது, விட்டுக்கொடுப்பதும் தெரியக் கூடாது. பதினாறு வருஷம் அதையே செய்து பழகிய கை!

1974 மாசியில் இடது கண்ணில் புகை படிந்தது. மனைவி ஜெய்புன்னிசா இடப்பக்கம் நின்று எலுமிச்சம்பழத்தை வீசிப் பார்த்தாள். நெஞ்சில் பட்டு உருண்டது. இன்னொன்றும் அப்படியே. மூன்றாவதை வீச அவளுக்குக் கை வரவில்லை.

"வெளிய யார்கிட்டயும் மூச்சு உட்றாதீங்க" என்றாள்.

அன்றிலிருந்து பந்தெல்லாம் வலப்பக்கமே வரும்படி கோர்ட்டின் இடது ஓரமாகவே நின்று, சத்தத்தை வைத்து ஓடினார். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே வேலை போய்விட்டதோ என்று பயப்படுவார்.

பயந்தது வந்தது. கோயமுத்தூரிலிருந்து அப்புசாமி என்றொரு மார்க்கர் வேலை கேட்டு வந்திருப்பதாகச் கிளப் செயலாளரான பனியன் கம்பெனி முதலாளி ஞானசம்பந்தம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஒரு செட் ஆட வேண்டும், ஜெயித்தவருக்கு வேலை.

அப்புசாமியின் முதல் பந்து இடப்பக்கம் சீறிப் போனது. நூருல்லா அதைப் பார்க்கவே இல்லை. நடுவில் ஒரே ஒரு பந்து வாகாக வலப்பக்கம் வந்தது. எதிரே பாதி கோர்ட் காலி. ஆனால் கை பழக்கத்தில் அதை நேராக அப்புசாமி மட்டையில் கொண்டுபோய் வைத்தது! ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றார். பெஞ்சில் உட்கார்ந்து மட்டைக்கு உறை போட்டார்.

ஞானசம்பந்தம் புது மார்க்கரோடு ஆடிப் பார்க்க இறங்கினார். பத்துப் பந்தில் ஒன்றைக்கூடத் தொட முடியவில்லை. வேர்த்து விறுவிறுத்துப் பெஞ்சுக்கு வந்தார். வந்தது நூருல்லாவின் இடப்பக்கம். தோளில் கை பட்டதும் நூருல்லா திடுக்கிட்டு எழுந்தார். ஞானசம்பந்தம் அந்தக் கண்ணையே பார்த்தார்.

"ஏனுங்க பாய், இது எப்பருந்துங்க?"

நூருல்லாவுக்குப் பொய் சொல்ல வரவில்லை.

"மாசியிலருந்துங்க, முதலாளி."

ஞானசம்பந்தம் பக்கத்தில் உட்கார்ந்து வேர்வையைத் துடைத்தார்.

"அந்த அப்புசாமிகிட்ட நாலு நாள் ஆடுனா நான் மட்டையவே பரண்மேல போட்டுருவனுங்க. வேலை உங்களுக்குத்தானுங்க, நாளைக்கு வந்துருங்க. உங்க வலப்பக்கமாவே நான் போடறன்."

மறுநாள் முதல் பந்து மெதுவாக வந்து நூருல்லாவின் மட்டையில் விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதில் முதலாளி மறந்துவிட்டார். பந்து இடது காதோரம் விர்ரென்று போனதில் நூருல்லா அப்படியே குந்திவிட்டார்.

"பொறுத்துக்கோங்க பாய்," என்றார் ஞானசம்பந்தம். "கை பழகோணுமுங்களே."

ஓய்வு பெறும்வரை இன்னும் இரண்டு வருஷம், முதலாளியின் அந்தக் கை பழகுமா பழகாதா என்ற பயத்தோடேயே நூருல்லா தினமும் கோர்ட்டில் இறங்கினார்.