இரண்டாம் முறை பெருக்கிய முற்றம்

கொல்லயில் என்ற ஊரில் எங்களுக்கு இருந்தது இருபது சென்ட் விளைநிலம், ஒரு பசு, ஆறு கோழிகள். காலையில் அப்பா பால் கறப்பார், அம்மா சாணம் அள்ளி முற்றம் பெருக்குவாள், கோழிகள் என் பொறுப்பு. வீட்டில் ஐந்தாம் வகுப்பு வரை போன முதல் ஆள் நான். கோழிக்கூட்டைத் திறக்கும்போதுகூட அந்த நினைப்பு கூடவே இருக்கும்.

முட்டை உடைத்தால் அம்மா ஓட்டை உடனே அடுப்பில் போட்டுவிடுவாள். முட்டை ஓட்டில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, கோழிக்கு நல்லது என்று புத்தகத்தைப் பார்த்து அவளுக்குச் சொன்னேன்.

"இருக்கட்டு மக்கா. ஓட்ட வெளிய போடப்பிடாது."

ஏன் என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கே தெரியாது என்று நான் முடிவு செய்தேன். தம்பிக்குக் காய்ச்சல் விட்டு தினம் ஒரு முட்டை கொடுத்த வாரம் அது. ஓடுகளை ஒளித்து எடுத்து, பாதி பாதியாக அப்படியே கோழிகளுக்குப் போட்டேன். சிவப்புப் பெட்டைதான் மற்றவற்றை விரட்டிவிட்டுத் தின்றது. கூப்பிட்டால் என் மடியில் வந்து உட்காரும் கோழி.

சனிக்கிழமை காலை அது முட்டையிட்டுக் கொக்கரிக்கும் சத்தம் வரவில்லை. தொழுவத்து மூலையில் கோழிகள் முட்டையிடும் ஓலைக் கடவத்தை எட்டிப் பார்த்தேன். தான் இட்ட முட்டையைத் தானே கொத்திக் குடித்துக்கொண்டிருந்தது. அலகிலிருந்து மஞ்சள் கரு நூலாக வழிந்தது. தலையைச் சாய்த்து வழக்கம்போல என்னை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மறுபடி குனிந்தது. என் கையிலிருந்த தவிட்டுச் சட்டி விழுந்து உடைந்தது.

அம்மா ஓடி வந்தாள். கடவத்தைப் பார்த்தாள். பிறகு, காலையில் நான் போட்டு முற்றத்தில் மிச்சம் கிடந்த ஓட்டுத் துண்டுகளைப் பார்த்தாள். துடைப்பத்தை எடுத்து, ஏற்கெனவே பெருக்கிய முற்றத்தைப் பெருக்கத் தொடங்கினாள்.

சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வந்த அப்பா கடவத்துக்குள் பார்த்தார்.

"ருசி அறிஞ்சிட்டு. வச்சிருந்தா மத்த கோழியளும் கண்டு படிக்கும். நாளைக்குக் கறி வச்சிரு."

"ஒரு ஆழ்ச்ச பாத்தா என்ன?" என்று அம்மா ஒரு வாரம் தவணை கேட்டாள்.

"நீ என்ன, கோழிக்க வக்கீலா? இதுக்கு எங்கேருந்து வந்தது இந்தப் பழக்கம்?"

"கோழிக்க புத்தி அப்பிடியாக்கும்," என்றாள் அம்மா, துடைப்பத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஓடு போட்டது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு குனிந்து, உடைந்த சட்டியின் துண்டுகளைப் பொறுக்கினேன்.

மறுநாள் கோயில் விட்டு வந்து எல்லோரும் கோழிக்கறி சாப்பிட்டார்கள். எனக்கு மட்டும், நான் கேட்காமலே, அம்மா மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் வைத்தாள்.

அடுத்த வாரம் அவள் ஓடுகளைச் சுட்டு, ஓடென்றே தெரியாதபடி அம்மியில் மாவாக அரைத்துத் தவிட்டில் பிசைந்தாள். பக்கத்து வீட்டு மாமி என்னவென்று கேட்டாள்.

"ஓட்டுல சத்து உண்டும். எனக்க மவ புத்தகத்துல படிச்சதாக்கும்."

நான் நிமிர்ந்து நின்றேன். என் புத்தகம் கடைசியில் ஜெயித்துவிட்டது என்றுதான் அன்று நினைத்தேன். முற்றத்தை அவள் ஏன் இரண்டாம் முறை பெருக்கினாள் என்று யோசிக்கவே இல்லை.